சார் விட்டுப்போன கம்ப்யூட்டர்

கரும்பு விளைகிற ஒரு தீவு நாட்டில், பா என்ற நகரத்தில் ஒரு சேட்டு கடையில் நகை வேலை செய்தேன். தமிழ்நாட்டிலிருந்து பர்மிட்டில் வந்தவன். ஐந்தாவது வரை படித்தேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை. அங்கேதான் பட்டறை, அங்கேதான் படுக்கை.

இங்கே தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் நிறைய, அந்தக் காலத்தில் கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பேச்சு இந்தி. வணக்கம் சொன்னால் சந்தோஷமாகச் சிரிப்பார்கள். அதற்கு மேல் அவர்களிடம் தமிழ் இல்லை. என் இந்தி கடைக்குப் போதும். மற்றதற்குப் போதாது.

தமிழ் பேச எனக்கு ஒருவர் இருந்தார். பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர். திருச்சிக்காரர், என்னைவிடச் சின்னவர். நான் சார் என்பேன், அவர் அண்ணே என்பார். சாயங்காலம் என் அறைக்கு வருவார். நகோனா கரைத்து வைப்பேன். இங்கே எல்லாரும் குடிக்கிற வேர்ச்சாறு அது. மண் போல இருக்கும், நாக்கு மரத்துப்போகும். குடித்துக்கொண்டு பேசுவோம். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஊரில் மழை, இங்கே மழை. அதுதான்.

அப்போதுதான் நாட்டில் நாலாவது தடவையாக ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பாலத்தில் சிப்பாய்கள் நின்று வண்டிகளைப் பார்த்தார்கள். கடைகள் திறந்திருந்தன, கரும்பு லாரிகள் ஓடின. ஆனால் ஆட்கள் நாட்டை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். யாரும் புது நகை கேட்கவில்லை. பவுன் கோத்த பழைய மாலையைக் கொண்டுவந்து மகள்களுக்குப் பங்கு பிரிக்கச் சொன்னார்கள். ஒரு மகள் ஆக்லாந்துக்கு, ஒருத்தி சிட்னிக்கு, ஒருத்தி வான்கூவருக்கு. வெட்டிக் கொடுத்தேன்.

சாருக்கும் பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் தன் கம்ப்யூட்டரை ஒரு கேரியர் வண்டியில் ஏற்றிவந்து என் மேசையில் வைத்தார்.

"எனக்கு எதுக்கு சார்?"

"பேசத்தான். போன் கார்டு வாங்கி மாளாதுண்ணே. இதுல ஒரு புரோகிராம் போட்டா காசே இல்ல. விடிய விடியப் பேசலாம்."

"இதத் தொடவே பயமா இருக்கு."

"பொடி வச்சு ஊதி நகை ஒட்டுற ஆளு நீங்க. இதுக்குப் போய் பயமா?"

சேட்டு கடைக்கு இன்டர்நெட் இழுத்திருந்தார். கடை மூடிய பிறகு நான் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்.

பேசுகிற புரோகிராமை அதில் இறக்கப் பார்த்தேன். பாதியில் அறுந்துவிடும். சார் பிரிஸ்பேனிலிருந்து ஒரு சிடியில் போட்டு அனுப்பினார். அதை எப்படி ஏற்றுவது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கார்டு போட்டு அவரே கூப்பிட்டுச் சொல்லுவார். கார்டு தீர்ந்தால் பேச்சு நடுவில் நிற்கும்.

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை. பழைய மெஷின், தாங்காது என்று சார் அதில் லினக்ஸ் போட்டிருந்தார். அவர் புது ஆபீசிலும் லினக்ஸ்தான். ஆனால் வேறு வகை. அவர் அனுப்பிய சிடி அந்த வகைக்குக் கட்டிய பொட்டலம். என்னுடையது அதைத் திறக்காது.

"ரெண்டும் லினக்ஸ்தான சார்?"

"ரெண்டும் தோடுதான். திருகாணி புரி வேற."

அது எனக்குப் புரிந்தது. ஒருவர் செய்த தோட்டுக்கு இன்னொருவர் திருகாணி ஏறாது.

அந்த வகைப் பொட்டலத்தைப் பிரித்து இந்த வகையாகக் கட்டித்தர ஒரு புரோகிராம் உண்டாம். அதன் பெயருக்கு அந்நியன் என்று அர்த்தம் என்றார். "நம்ம பர்மிட்டுல போட்டுருக்கானே, அதே வார்த்தைதாண்ணே." இரண்டு பேரும் சிரித்தோம். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் தட்டினேன்.

"சுவா எஸ். லபாசா எல். நாடி என்."

இந்த நாட்டு ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் எழுத்தைச் சொல்லுவார். தட்டி முடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும். மறுபடி தட்டினால் மறுபடி அதேதான். அந்த ஞாயிறு போயிற்று. அடுத்த ஞாயிறும் போயிற்று.

தப்பு என்னுடையது. எனக்கு இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். மோதிரத்தில் பெயரின் முதல் எழுத்து வெட்டிப் பழகியது. திரையில் சின்ன எழுத்தாக விழுந்தால் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாம் பெரிய எழுத்தாக விழுகிற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் உட்காருவேன். லினக்ஸுக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு என்று யார் கண்டது.

சாருக்குத் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, ரெண்டு வாரமா பெரிய எழுத்துல அதுகிட்ட கத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

அதன் பிறகு பொட்டலம் மாறியது. ஏற்றினேன். ஓடவில்லை. ஒரு வரி வந்தது. அதை நான் அவருக்கு வாசிக்க வேண்டும், எல்லாம் சின்ன எழுத்து.

"ஒரு குச்சி சார். கீழ வயிறு."

"குச்சிக்கு எந்தப் பக்கம் வயிறு?"

"சோத்துக் கைப் பக்கம்."

"பி. அடுத்தது?"

"வெறும் வயிறு மட்டும்."

"அது ஓ. மேல போங்க."

ஒரு வரி வாசிக்க ஒரு கார்டு ஆகும். இந்தப் புரோகிராம் இன்னொன்றின் மேல் நிற்கிறது, அது இங்கே இல்லை என்று அந்த வரிக்கு அர்த்தம். பொட்டலத்தை மாற்றிக் கட்டலாம். அது எதை நம்பி இருந்ததோ அது கூட வராது. சார் அதையும் சிடியில் போட்டு அனுப்பினார். தபால் வரக் காத்திருந்தேன். வந்ததை மாற்றி ஏற்றினால் அது இன்னொன்றைக் கேட்டது. இப்படியே கரும்பு ஆலையில் அரவை முடிந்தது. நகரத்தில் வெல்ல வாசனை நின்றுபோனது.

வாரம் முழுக்க நான் யாரிடமும் பேசுவது குறைவு. சேட்டு நகையைக் காட்டி, "யே பனாவ், கல் தக்" என்று நாளைக்குள் செய்யச் சொல்லுவார். தலையாட்டுவேன். ஞாயிறு வந்தால் அந்த வரியை வாசிப்பேன். சார் சொல்லச் சொல்லத் தட்டுவேன். எழுத்துக்கு அவர் சொல்லும் ஊர்கள் மெதுவாக மாறின. நாடி போய் நியூகாசல் வந்தது. சுவா போய் சிட்னி வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடை மூடியதும் கடைசியாக வந்த சிடியைப் போட்டேன். பழைய கட்டளைகளை ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். பார்த்துப் பார்த்துத் தட்டினேன். சின்ன எழுத்தில். வரி எதுவும் வரவில்லை. ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் சாரின் பெயர், பக்கத்தில் பச்சைப் புள்ளி. அழுத்தினேன்.

"அண்ணே! ஏத்திட்டீங்களா?"

குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது. சார் ஊருக்கே கேட்கிற மாதிரி மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். எப்படி ஏற்றினேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்புறம்ணே?"

"அப்புறம் என்ன சார். மழை."

"இங்க மழையே இல்ல."

நடுவில் அறுத்துவிட கார்டு இல்லை. நாங்களாகத்தான் முடிக்க வேண்டும். "இனிமே எப்ப வேணாலும் பேசலாம்ணே" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் கூப்பிடவில்லை. எப்போது வேண்டுமானாலும் பேசலாம் அல்லவா. பச்சைப் புள்ளி தெரியும். வேலையாக இருப்பார் என்று விட்டுவிடுவேன். நான் கூப்பிட்டால், "சொல்லுங்கண்ணே, என்ன எரர்?" என்பார். எரர் இல்லை என்றால் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார். ஆயிற்று என்பேன். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

கடைசியாகக் கூப்பிட்டது ஒரு சாயங்காலம்.

"எரர் ஒண்ணும் இல்ல சார். சும்மாதான்."

"நல்லதுண்ணே. ஒரு நிமிஷம், வாசல்ல ஆளு வந்துருக்காங்க. லைன்லயே இருங்க, காசா பணமா."

இருந்தேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்திருப்பார் போல. அந்த வீடு முழுக்க எனக்குக் கேட்டது. கதவு, செருப்புச் சத்தம், குழந்தைகள். நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாம் தமிழ். வெண்டைக்காய் விலையைச் சொல்லி ஒரு அம்மா அங்கலாய்த்தார். ஒருவரின் தொப்பையை இன்னொருவர் கிண்டல் செய்தார். "மாசம் எத்தனை மாப்ள?" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். சார் குரல் நடுவில் கேட்டது. சத்தமாக இருந்தார், சந்தோஷமாக இருந்தார்.

பிறகு ஒருவர் லீவில் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"மதுரையில இறங்கி தேனி பஸ் எங்க ஏறணும்?"

"மாட்டுத்தாவணி."

"இல்லப்பா, அங்க இல்ல."

"மாட்டுத்தாவணிதான். எல்லா பஸ்ஸும் இப்ப அங்கதான்."

"அப்ப ஆரப்... அது என்ன?"

என் ஊருக்குப் போகிற பஸ் அது. "ஆரப்பாளையம்" என்றேன்.

அவர்கள் காதில் விழவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மறுபடி சொல்லவில்லை. கடைசியில் மாட்டுத்தாவணி என்று முடிவு செய்தார்கள். யாரோ காபி கொண்டுவந்தார்கள். பேச்சு வேறு எங்கோ போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு இணைப்பை நிறுத்திவிட்டேன்.