நாற்பத்திரண்டு கிலோ மூட்டை நான்கு கிலோ ஆன கதை

நான் எழுதிய புரோகிராம் ஒன்று சண்டையை மூட்டும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

செஞ்சியில் ஒரு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எலக்ட்ரானிக் தராசில் விழும் எடையை நெட்வொர்க் வழியாக வாங்கி, வாசலில் எல்லோருக்கும் தெரிகிற பெரிய போர்டில் காட்ட வேண்டும். அதற்கு நான்தான் C மொழியில் எழுதிக் கொடுத்தேன். சொந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு பிசகும் இல்லை.

மண்டியில் முதல் மூட்டை ஏறியது. சிங்கவரத்து அக்கா ஒருவருடையது. போர்டில் 4 என்று விழுந்தது. அடுத்து 2.60.

"இன்னா இது? எம் மூட்டை நாலு கிலோவா? கண்ணு அவிஞ்சா பூடுச்சி?" அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது.

மண்டிக்காரர் போர்டுக்குக் கீழே ஏணியைச் சாத்தினார். "மத்தியானத்துக்குள்ள சரி பண்ணும்மா. இல்லன்னா கழட்டிடுவேன். பழையபடி எடையக் கூவிக்கிறோம்."

லேப்டாப்போடு மூட்டை மேல் உட்கார்ந்தேன். எதிரே எடைபோடுகிறவர் கூவத் தொடங்கியிருந்தார். "நாப்பத்தொண்ணு..." என்று இழுத்தார். மூட்டை ஆட்டம் நின்றதும், "முந்நூறு, போடு!" என்றார். கணக்கு எழுதுகிறவரின் பேனா 'போடு' கேட்கும்வரை காகிதத்தைத் தொடவே இல்லை.

அட மக்கு! என்னைத்தான் திட்டிக்கொண்டேன். நெட்வொர்க்கில் வருவதை வாங்கித் தரும் recv கட்டளை ஒவ்வொரு முறையும் ஒரு முழு எடையைத் தரும் என்று எந்த தைரியத்தில் நம்பினேன்? அது வந்தவரைக்கும் தரும். பாதியும் தரும், ஒன்றரையும் தரும். தராசோ ஒவ்வொரு எடைக்கும் பின்னால் ஒரு வரிமுடிவுக் குறியை அனுப்பிக்கொண்டிருந்தது. அதுதான் அதன் 'போடு'. நான் காதிலேயே வாங்கவில்லை!

விரல்கள் பறந்தன. வருவதையெல்லாம் பஃபர் என்கிற தற்காலிக இடத்தில் சேர். வரிமுடிவு வந்தால் மட்டும் அதுவரை உள்ளதைப் போர்டுக்குக் கொடு. மிச்சத்தை அடுத்த எடைக்கு வைத்துக்கொள். இருபது வரிகூட இல்லை.

அந்த அக்கா நகரவே இல்லை. அவர் மூட்டையையே மறுபடி ஏற்றினார்கள். போர்டு வெறுமையாக இருந்தது. பிறகு ஒரே வீச்சில் 42.60!

குழந்தைபோல் குதித்துக் கத்திவிட்டேன். மண்டிக்காரர் ஏணியை எடுத்து உள்ளே போட்டார்.

அக்கா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு இன்னாத்துக்கு இந்தக் குதி? காலைலயும் அது நாப்பத்திரெண்டுதான் இருந்துச்சி."