ஐயா நடந்த கோடு

நில அதிர்வு ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய பதிவு எந்தப் பூகம்பமும் அல்ல. குடவாசல் பக்கத்து மிராசுதார் ஒருவரின் நடை.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருடம். டெல்டாவில் வண்டல் எத்தனை ஆழம், பாறை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வரும்படி பேராசிரியர் அனுப்பியிருந்தார். பூமி எங்கோ அதிர்ந்தாலும் இளகிய மண் கூடுதலாக ஆடும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு. தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். மண்ணுக்குள் போய்வரும் அதிர்வை, வரிசையாகக் குத்தி வைத்த டம்ளர் அளவுக் கருவிகள் உணரும். பெட்டியிலுள்ள ஊசி அதைக் காகிதத்தில் கோடாகப் போடும். அடிக்க ஜீப் டிரைவர். கோட்டைப் படிக்க நான்.

ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் உச்சவரம்பை அரசு குறைத்திருந்த காலம் அது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யவும் சட்டம் வந்திருந்தது. நோட்டும் அளவு நாடாவுமாக வயலில் இறங்குகிறவர் யாராயிருந்தாலும் ஊராருக்குத் தாலுகா ஆபீஸ் ஆள்தான். திருவிடைமருதூரில் வளர்ந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. போதாக்குறைக்கு, யாரும் மிதித்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன்.

அரை மணி நேரத்தில் மிராசுதார் வந்துவிட்டார். கனத்த சரீரம், வெள்ளை வேட்டி, பின்னால் குடை பிடித்தபடி கணக்கப்பிள்ளை.

"யாரைக் கேட்டு என் வயல்ல கொடி நட்டேம்மா?" என்றவர், என் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "என் வயல்னா என் வயல் இல்லீங்க. இந்தக் குச்சி இருக்கிறது மச்சினி பேர்ல. அது சின்னப் பொண்ணு பேர்ல. அந்தாண்ட இருக்கிறது சத்திரத்து நிலம்."

"நான் மண்ணோட ஆழத்தைப் பார்க்க வந்திருக்கேங்க. மேல யார் பேர்ல இருக்குன்னு எனக்குத் தேவையில்லை."

"ஆழத்துக்குமா உச்சவரம்பு?" என்று கணக்கப்பிள்ளை பதறினார்.

வம்பு வேண்டாமென்று துணிகளை அவிழ்த்தேன். நாலாவது துணியை அவிழ்க்கும்போது, வாய்க்கால் கரையோடு விவசாயத் தொழிலாளர்கள் முப்பது பேர் வந்து சேர்ந்தார்கள். முன்னால் நின்ற நடுவயது அம்மாள்தான் அவர்கள் செங்கொடிச் சங்கத்தின் தலைவி. "கொடிய ஏன் புடுங்குறீங்க? ஐயா சொன்னா புடுங்கிடுறதா?"

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான். எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை. கடைசியில் பெட்டியைத் திறந்தேன். "வந்து பாருங்க. இது அளக்குறது அதிர்வைத்தான். யார் நடந்தாலும் இந்த ஊசி காட்டிடும்."

முதலில் அந்த அம்மாள் வெறுங்காலோடு கருவியைத் தாண்டி நடந்தார். ஊசி லேசாக அசைந்தது. அடுத்து மிராசுதார் நடந்தார். ஊசி மேலும் கீழும் துள்ளிவிட்டது.

"ஐயா நடந்தா பூமியே அதிருதுங்க!" என்றார் கணக்கப்பிள்ளை.

கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவருக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "அந்தக் காயிதத்தைக் கிழிச்சுக் குடுங்க. கண்ணாடி போட்டு மாட்டணும்."

தொழிலாளர்களுக்கு இது பொறுக்குமா? அம்மாள் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஒண்ணா வாங்க. நான் சொன்னதும் குதிக்கணும்" என்றார். முப்பது பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். ஊசி காகிதத்தின் விளிம்பில் இடித்துக்கொண்டு அங்கேயே மாட்டிக்கொண்டது. வயலே சிரித்தது. மிராசுதார் சிரிப்பை அடக்கப் பார்த்து, இருமினார்.

ஊசியைச் சரி செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்: "ஒரே ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்க." இரு பக்கத்தாரும் சிலை மாதிரி நின்றார்கள். டிரைவர் ஓங்கி அடித்தார். அன்றைக்கு அதைவிடச் சுத்தமான பதிவு எனக்குக் கிடைக்கவில்லை.

"பாறை எங்க இருக்கு?" என்றார் அம்மாள்.

"தெரியலீங்க. இந்தச் சம்மட்டிக்கு எட்டுற வரைக்கும் வெறும் மண்ணுதான்."

"அவ்வளவு மண்ணு கெடக்கு, எங்களுக்கு ஒரு குழி நெலம்கூட இல்ல" என்றார் அவர், மிராசுதாரைப் பார்க்காமலே.

மிராசுதாருக்கு வேறு கவலை வந்திருந்தது. "பூகம்பம் வந்தா மாடி வீடு என்ன ஆகும்?"

"இளகின மண்ணு. பழைய கனமான சுவர்னா ஆட்டம் தாங்குறது கஷ்டம்."

"அவங்க குடிசை?"

"மேல கீத்துதானே. விழுந்தாலும் பெரிசா அடிபடாது."

அவர் கொஞ்ச நேரம் குடிசைகள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பூகம்பம் வராதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

என்னால் முடியாது, உலகத்தில் யாராலும் முடியாது என்றேன். படித்த படிப்புக்கு இதுகூட எழுதித்தரத் தெரியாதா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த முப்பது பேர் குதித்த கோட்டை என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்திருந்தேன். தேர்வாளர் அதில் விரலை வைத்து, "இது என்ன நிகழ்வு?" என்று கேட்டார்.

"உள்ளூர் அதிர்வு சார்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.