தோகா என்று எழுதிய பலகை

எனக்கு நாக்கு நீளம். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் எந்த மாமா லிஃப்டில் எப்படி இருமுகிறார், யார் வீட்டு மருமகள் மாமியாரைக் கண்டால் எப்படிப் புடவைத் தலைப்பைச் சரி செய்கிறாள் என்று நான் நடித்துக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆபீசிலும் அப்படித்தான். முப்பது வருஷம் ஃபைல் தள்ளிய ஒரு ஹெட் கிளார்க்கை அங்கே யாராவது தேடி வந்தார்கள் என்றால், அது இந்த நாக்குக்காகத்தான்.

ஆபீஸ் என்று நான் சொல்வது ஒரு கலைக்கூடம். மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் நடுவே, எந்தக் காலத்திலோ ஒரு பணக்காரர் தன் பங்களாவை உள்ளே இருந்த எண்ணெய் ஓவியங்களோடும் பளிங்குத் தலைகளோடும் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வாங்கிக்கொண்ட அரசாங்கம் அவ்வப்போது வெள்ளையடித்ததோடு சரி. மழைக்காலத்தில் பெரிய ஹாலில் பக்கெட் வைப்போம். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் ஓவியங்களை விட்டுவிட்டுப் பக்கெட்டுகளைத்தான் சுற்றி நிற்பார்கள்.

கட்டடத்தை மராமத்து செய்ய அரசு நிதி கேட்கும் ஃபைல் என் மேஜையில்தான் பிறந்தது, என் மேஜையிலேயே வயசுக்கும் வந்தது. மந்திராலயம் என்கிற தலைமைச் செயலகத்துக்குப் போகும், ஒரு கேள்வியோடு திரும்பும். பதில் எழுதி அனுப்புவேன், இன்னொரு கேள்வியோடு வரும். கடைசியாக வந்த கேள்வி, கட்டடம் அபாயகரமானது என்று முறைப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பது. அப்படி அறிவித்தால்தான் அடுத்த மேஜைக்கே போகுமாம்.

அதனால் ஒரு என்ஜினியர் வந்தார். சின்னச் சுத்தியலால் கூரையையும் சுவரையும் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் பரவாயில்லை, பின்கட்டில் மேல்தளத்துக் கம்பிகள் துருப்பிடித்து உப்பியிருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் பெயர்ந்து விழலாம் என்று ரிப்போர்ட் கொடுத்தார். அந்த ரிப்போர்ட்டை டைப் செய்ததே நான்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் பணம் கேட்கும் ரிப்போர்ட் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள் என்பது என் சர்வீஸ் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். சந்தனக் கலரில் கதர் குர்தா போட்டுக்கொண்டு ஓவியங்களிடம் மட்டும் மெதுவாகப் பேசும் எங்கள் கியூரேட்டர், பின்கட்டில் இருந்த படங்களையும் சிலைகளையும் உடனே முன்ஹாலுக்கு மாற்றச் சொன்னார். பட்டியல் போட்டேன். ஓவியங்கள், சட்டங்கள், பளிங்குத் தலைகள், கால் உடைந்த ஒரு நாற்காலி உட்பட எல்லாம் அதில் இருந்தன. பின்கட்டுப் படிக்கட்டுக்கு அடியில் துடைப்பம் வைக்கும் அறை இருந்தது. அதில் கலைப் பொருள் ஒன்றும் இல்லை, அதனால் அது பட்டியலில் வரவில்லை.

அந்த அறையில்தான் அவள் மத்தியானம் சாப்பிடுவாள்.

அவள் தாராவியிலிருந்து நடந்து வருகிறவள். சொந்த ஊர் தெற்கே நாசரேத் பக்கம். காண்ட்ராக்டர் வழியாக எங்களிடம் கூட்டிப் பெருக்க வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆபீசில் எல்லாருக்கும் நான் மேடம், அவளுக்கு மட்டும் யக்கா. அதை நான் திருத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் செய்த தர்மம் அவ்வளவுதான்.

அவளுக்கு வாசிக்கிற பைத்தியம் உண்டு. முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். சாப்பிட்டுவிட்டு அந்த அறையில் காலை நீட்டி உட்கார்ந்து, விரலால் வரி பிடித்துக்கொண்டு பைபிள் வாசிப்பாள், வேதம் என்பாள் அதை. இந்தி எழுத்துகளை ஸ்டேஷன் போர்டுகளையும் பஸ் போர்டுகளையும் பார்த்துத் தானாகவே கூட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். புதிதாக எந்த நோட்டீஸ் ஒட்டினாலும் முதல் வாசகி அவள்தான். எழுத்துக் கூட்டி முடித்ததும் அர்த்தம் கேட்டு என்னிடம் வருவாள். நானும் சொல்வேன். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைதான் சொல்லவில்லை.

மந்திராலயம் கேட்ட அறிவிப்புக்காக, மஞ்சளில் சிவப்பு எழுத்தோடு ஒரு பலகை வந்து பின்கட்டுச் சுவரில் தொங்கியது. தோகாதாயக் இமாரத். மராத்தியில் தோகா என்றால் ஆபத்து. இந்தியில் அதே தோகாவுக்கு ஏமாற்று என்று அர்த்தம். எழுத்தும் ஒன்று, சத்தமும் ஒன்று. மராத்திக்காரனுக்கு அது ஆபத்தான கட்டடம். காதால் கேட்டே பம்பாய் இந்தியை வளர்த்துக்கொண்ட தாராவித் தமிழச்சிக்கு அது என்ன கட்டடம்?

பலகை தொங்கிய அன்று காலையிலேயே என் மேஜைக்கு வந்தாள். முகத்தில் ஒரு ரகசியச் சிரிப்பு.

“யக்கா, தோக்கான்னு பட்டவர்த்தனமா எழுதிப் போட்டிருக்கானுவளே. யாரு யார ஏமாத்துனா?”

எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த டீ ஃபைலில் சிந்திவிட்டது. ஏமாற்றுக் கட்டடம். சர்க்கார் பணத்தில் சர்க்காரே எழுதி, சர்க்கார் சுவரில் மாட்டிய பலகை. மந்திராலயத்துக்கும் எங்களுக்கும் நடுவில் அத்தனை வருஷமாக நடந்த கூத்தை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக எனக்கு வந்ததில்லை. இது ஆபத்து என்று எழுதியிருக்கிறது, அந்த அறையில் உட்காராதே என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் சொன்னால் ஜோக் செத்துவிடும். எனக்கு அந்த ஜோக் வேண்டியிருந்தது.

“ஆமாம், தோக்காதான். எல்லாருமாச் சேர்ந்து கவர்ன்மென்ட்டை ஏமாத்தறா. ஃபண்டு வரதுக்காக்கும் இந்த போர்டு. நீ போய் வேலையைப் பாரு” என்றேன்.

அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. தங்கள் சந்திலும் ஆட்கள் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போகிறார்கள், வீடு கட்டித் தருவோம் என்கிறார்கள், அதுவும் இந்த வகைதான் என்றாள். பலகை, நம்பர், சர்வே எல்லாம் யாரோ யாரையோ ஏமாற்றுவதற்கு என்பது அவள் அனுபவம். அதில் தப்பு சொல்லவும் முடியாது. நிம்மதியாகத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு வாரமும் எனக்கு நல்ல அறுவடை. கியூரேட்டரிடம் சொன்னேன், குர்தாவே குலுங்கச் சிரித்தார். பியூன்கள் இருவரிடமும் சொன்னேன். வீட்டில், கோயில் வாசலில், காபிக் கடையில், செம்பூரில் நாத்தனார் வீட்டு விசேஷத்தில் என்று எல்லா இடத்திலும் சொன்னேன். அவள் ‘தோக்கா’ என்று அழுத்திச் சொல்லுவதை, புருவத்தை உயர்த்துவதை, ‘எழுதிப் போட்டிருக்கானுவளே’ என்று நீட்டுவதைச் செய்து காட்டினேன். பியூன்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் தோகா, தோகா என்று கேலி செய்தார்கள். தானும் ஒரு நல்ல வேடிக்கையில் சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்து அவளும் சிரித்தாள். அத்தனை பேருக்கும் அர்த்தம் தெரியும். ஒருவர் கூட அவளுக்குச் சொல்லவில்லை. பின்கட்டுப் பக்கம் போகாமல் அவரவர் மட்டும் பார்த்துக்கொண்டோம்.

ஜூலையில், மூன்று நாள் விடாமல் மழை பெய்து வெயில் அடித்த ஒரு மத்தியானம், பின்கட்டிலிருந்து லாரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். படிக்கட்டு அறையின் மேல்தளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்தபடி வலது பக்கம் அடிபட்டுக் கிடந்தாள். கத்தவில்லை. தலையெல்லாம் சுண்ணாம்பு. வேதப் புத்தகம் மடியிலேயே இருந்தது. பியூன்கள் தூக்கி டாக்ஸியில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் கூடப் போகவில்லை, போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. கூட்டி அள்ளுவதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் எடுத்துவிடு, இதைவிட நல்ல ஆதாரம் நமக்குக் கிடைக்காது என்றார் கியூரேட்டர். சுண்ணாம்புக் குவியலுக்கு நடுவில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. படத்தில் அசிங்கமாக இருக்கிறதே என்று காலால் ஒதுக்கப் போனேன். வேண்டாம், செருப்பு இருக்கட்டும் என்றார். மனிதர் விஷயம் தெரிந்தவர்தான். பல வருஷமாக நகராத ஃபைல் அந்தச் செருப்போடு சேர்ந்து ஒரே மாதத்தில் நாலு மேஜை தாண்டியது.

கூட அனுப்பிய குறிப்பும் என்னுடையதுதான். ‘வெளி ஆள் ஒருவருக்கு லேசான காயம்’ என்று எழுதினேன். காண்ட்ராக்டரின் ஆள் என்பதால் வெளி ஆள். உயிர் போகவில்லை என்பதால் லேசான காயம். ஒரு வார்த்தை பொய் கிடையாது. நஷ்டஈடு என்று யாரும் வாய் திறக்க முடியாதபடி அப்படி எழுத முப்பது வருஷப் பழக்கம் வேண்டும். தோள் எலும்பு நொறுங்கி, அவளுடைய வலது கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை என்பது பியூன்கள் சொல்லித் தெரிந்தது. காண்ட்ராக்டர் மறுநாளே வேறு ஒருத்தியை அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து அவள் சந்துக்கு நடந்தே போய்விடலாம். இன்று மழை, நாளை சங்கஷ்டி விரதம், அந்தச் சந்துச் சகதியில் என் முழங்கால் எங்கே தாங்கும் என்று நாளைத் தள்ளினேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்துப் போனால் என்ன நினைப்பாள் என்று ஒரு காரணம் கிடைத்தது. அது கடைசி வரைக்கும் போதுமானதாக இருந்தது.

நிதி வந்தது. கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள், பழைய தளத்தை இடித்துப் புதிதாகப் போட்டார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பையும் மணலையும் அந்தக் காலத்து முறைப்படி குழைத்துப் பூசினார்கள். கூரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. மறு திறப்பு விழாவுக்கு, நிதியில் கையெழுத்துப் போட்ட செயலாளரே வருவதாக இருந்தது. நான் ரிட்டயர் ஆக நாலு மாதம் இருந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். இடது கையில் குடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையாக இருக்க வேண்டும், மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே விடமாட்டேன் என்ற செக்யூரிட்டியிடம் என்னைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் வருவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்போடு நான் கேட்டுக்குப் போனேன்.

கட்டடம் புதுசாகிவிட்டதாமே, ஆள் எடுப்பார்கள் என்று சொன்னார்கள், துடைக்க முடியாவிட்டாலும் டிக்கெட் கிழிக்க இடது கை போதும் என்றாள். ஏஜென்சி மாறிவிட்டது, அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அது உண்மைதான். என்னிடம் எப்போதும் உண்மைக்குக் குறைச்சல் இருந்ததில்லை. சரி என்று தலையாட்டினாள். பிறகு என் தோளுக்குப் பின்னால், பலகை தொங்கிய பின்கட்டு இருக்கும் பக்கம் பார்த்தாள். அங்கே சுவரில் ஆணி அடித்த ஓட்டையைக் கூட மறைத்துப் பூசியிருந்தார்கள்.

“ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு மராத்திக்காரி கெடந்தா யக்கா. அவதான் சொன்னா, அவுக பாஷையில அதுக்கு ஆபத்துன்னு அர்த்தமாம்.” மறுபடி என்னைப் பார்த்தாள். “ஒங்களுக்குத் தெரியும்லா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள்.

“தெரியும்” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. ஒரு வாக்கியத்தை எழுத்துக் கூட்டி முடித்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அது வந்தது.

“அப்பம் நான் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்” என்றாள்.

குடையை இடது கையாலேயே விரித்து, தோளில் சாய்த்துக்கொண்டு தாராவி லேபர் கேம்ப் பக்கம் நடந்தாள். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

செயலாளர் வந்தார். பன்னீர் தெளித்தேன். குத்துவிளக்கு ஏற்றினார்கள், கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். பின்கட்டுக்கு வந்தபோது, படிக்கட்டு அறை இருந்த இடத்தில் பளிங்குத் தலைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கியூரேட்டர் என்னைக் கைகாட்டி அழைத்தார். இந்த இடத்தில்தான் அந்தப் பலகை இருந்தது, மேடம் அதைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார், அவர் வாயால் கேட்க வேண்டும் என்று செயலாளரிடம் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். புருவத்தை உயர்த்தினேன், ‘தோக்கா’வை அவளைப் போலவே அழுத்தினேன், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டார். வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றேன்.