பூமணிக்கு இரண்டு சாட்சி

தில்லையண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மிசிசாகாவில் ஒரு கந்தோர்த் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் துடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இந்த வயதில் அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அவர் ஊரில் விவாகப் பதிவுக் கந்தோரில் பதிவெழுதும் லிகிதராக இருந்தவர். ரொறன்ரோவில், ஸ்கொட்லாந்துப் பிரபுக் குடும்பங்களின் வம்சம் தேடிக்கொடுக்கும் ஒரு சின்னக் கந்தோரில் அவருக்கு வேலை. அங்கேயும் கூட்டித் துடைத்தவன் நான். "என்னண்ணை, இண்டைக்கு எந்தப் பிரபுவுக்குப் பொம்பிளை பாக்கிறியள்?" என்று கேட்டபடிதான் உள்ளே போவேன். "முதல் உந்த வாளியை அங்காலை வை" என்பார்.

ஒருமுறை ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தார். அவருடைய பாட்டனார் ஒரு பிரபுவின் இளைய மகன். வீட்டு வேலைக்காரியைக் கட்டியவராம். தடித்த வம்சப் புத்தகமோ அவர் கலியாணமே செய்யாமல் செத்தார் என்றது. கல்லறையில் 'மனைவி' என்று ஒரு பெயர் இருந்தது. புத்தகத்தை நம்பச் சொன்னார் முதலாளி. அண்ணை விடவில்லை. "ஒரு சாட்சி காணாது. ஒண்டையொண்டு பாராத ரெண்டு சாட்சி ஒரே கதை சொல்லவேணும்" என்று அந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். கடைசியில் கலியாணப் பதிவின் பிரதி வந்தது. கிழவி அதை முத்தமிட்டுக் கொஞ்சினார்.

"எப்பவோ செத்த வேலைக்காரிக்கு ஏனண்ணை இவ்வளவு பாடு?" என்று பகிடி விட்டேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

"மணியம், ஊர்க் கலியாணமெல்லாம் என்ரை கையாலை பதிஞ்சன். என்ரையைப் பிறகு பதிவம் எண்டு விட்டன். என்ரை முதல் மனிசி பூமணி, பிள்ளைப்பெறுவிலை செத்துப்போனாள். அவளுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை."

செய்தி வந்த அன்று வோபர்ன் பகுதியில் அண்ணையின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மனைவி சரோ அக்காவின் தம்பி பேப்பருக்கு மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தார். யாருடைய மகன், யாருடைய மைத்துனர் என்று ஒருவரையும் விடாமல். 'சரோஜாவின் அன்புக் கணவரும்' என்ற இடத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"அதுக்கு முதல் காலஞ்சென்ற பூமணி எண்டொரு பேர் வரவேணும்."

"செத்த வீட்டிலையும் பகிடியே, மணியண்ணை? பதிவு இருக்கே?"

இல்லை. என் வாயைத் தவிர ஒன்றும் இல்லை. காலமெல்லாம் பகிடி விட்ட வாயை யார் நம்புவார்?

சரோ அக்கா மூலையில் இருந்தபடியே கேட்டார். "வருசா வருசம் ஆடி மாசத்திலை ஒருநாள் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டார். ஆருக்கெண்டு கேட்டால், ஒரு ஆளுக்கு எண்டுவார். அவவின்ரை பேர் பூமணியே?"

"ஓம் அக்கா."

"எழுதடா தம்பி," என்றார். "என்ரை பேருக்கு முன்னாலை எழுது."

அந்த அறிவித்தலை வெட்டி மடித்து என் பேர்சில் வைத்திருக்கிறேன். அண்ணையை அறிந்த உங்கள் வீடுகளிலும் அந்தப் பேப்பர் கிடக்கும். எறிந்துவிடாதீர்கள். பூமணிக்கு இருக்கிற ஒரே கடதாசி அது.