அக்கா ஓடிய பத்துச் சுற்று

என் அக்கா மொன்ட்ரியால்-நோரில் கார் ஓட்டப் பழக்குகிறவர். ஸ்டாப் பலகையைக் கண்டால் காரை முற்றாக நிறுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் எடுப்பார். அவரோடு கோயிலுக்குப் புறப்பட்டால் பூசை முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். அத்தான் அதற்கு நேர்மாறு. வில்லரேயில் ஒரு கராஜில் மெக்கானிக். பதினெட்டு வருடம் மற்றவர்களின் கார்களைத் திருத்திக் கொடுத்தவருக்கு, ஐம்பதை நெருங்கும்போது ரேஸ் ஓடும் ஆசை வந்துவிட்டது.

பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளைத் திறக்க முடியாதபடி ஒட்டி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு அடித்தார். ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். அக்கா அதை "உங்கட தகரப்பேணி" என்றுதான் சொல்வார்.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் அதை இழுத்துக்கொண்டு போனோம். நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலப் பயணம். சோளக் காட்டுக்கு நடுவே, முட்டை வடிவில் ஒரு சின்னத் தார்ப் பாதை. ஒரு சுற்றுக்கு இருபது விநாடி போதும். அக்கா காதில் பஞ்சும் மடியில் ஒரு டப்பா இறைச்சி ரோல்ஸுமாகப் பார்வையாளர் பலகையில் உட்கார்ந்தார். அத்தானின் ஓட்டம் தொடங்கியதும் அவரும் தொடங்கினார்.

"பார், பின்னுக்குப் பாக்காமல் வெட்டுறார். முன்னுக்குப் போற காரோட ஒட்டிக்கொண்டு போறார். இவருக்கு ஆர் லைசன்ஸ் குடுத்தது?"

"அக்கா, இது ரேஸ்."

"ரேஸ் எண்டால் பிரேக் இல்லையோ?"

பதினான்கு காரில் அத்தான் பன்னிரண்டாவது. வேர்த்து விறுவிறுத்து, ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று எங்களிடம் வந்தார்.

"ரெண்டாவது வளைவில ஒரு கையாலதான் ஸ்டியரிங்கைப் பிடிச்சனீங்கள். நான் பாத்தனான்" என்றார் அக்கா.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "அடுத்தது பொம்பிளையளின்ர ஓட்டம். ஓடுறவையின்ர மனுசிமாரும் ஓடலாமாம். ஏலுமெண்டால் நீர் ஓடிக் காட்டுமன்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். அக்கா டப்பாவை என் கையில் தந்துவிட்டு எழுந்தார். "ஹெல்மெட்டைத் தாங்கோ."

அறிவிப்பாளர் அக்காவின் பெயரோடு மூன்று தரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கார் பழக்குகிறவர் என்று அத்தான் சொல்லக் கேட்டு, "டீச்சர் அம்மா" என்று பிரெஞ்சில் சொல்லித் தப்பித்துக்கொண்டார். சனம் கைதட்டியது. ஒன்பது கார்கள், பத்துச் சுற்று. முதல் இரண்டு சுற்றும் அக்கா கடைசியில், தன் மாணவர்களுக்குக் காட்டுவதுபோல நிதானமாக வந்தார். மூன்றாவதில் என்ன நடந்ததோ தெரியாது. வளைவுகளில் மற்றவர்கள் வழுக்கி அகலப் போக, அக்கா உள்பக்கத்தால் ஒருவர் பின் ஒருவராக முந்தினார். எட்டாவது சுற்றில் ஐந்தாம் இடம். அத்தான் பலகையில் ஏறி நின்று கத்தினார்.

அப்போது அக்காவுக்கு முன்னால் போன சிவப்புக் கார் இடிபட்டு, சுழன்று, அக்காவைப் பார்த்தபடி பாதையின் குறுக்கே நின்றது. மற்றவர்கள் சுற்றி ஓடிவிட்டார்கள். அக்கா நின்றார். ஒழுங்காக, முற்றாக நின்றார். ஆபத்து என்று மஞ்சள் கொடியை அசைத்து ஓட்டத்தை நிறுத்தினார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"வெளியால சுத்திப் போகலாமெல்லே!" அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நின்றதற்காக அக்காவைக் கடைசியில் விட்டுத்தான் மறுபடி தொடங்கினார்கள். மிச்சம் இருந்த இரண்டு சுற்றில் இரண்டு பேரை முந்தி, ஏழாவதாக வந்தார்.

ஓட்டம் முடிந்ததும் சிவப்புக் காரின் சொந்தக்காரி எங்களை நோக்கி வந்தாள். ஆறடி உயரம், இரண்டு கையிலும் பச்சை குத்தியிருந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் டப்பாவை இறுக்கிப் பிடித்தேன். அவள் அக்காவைக் கட்டிப்பிடித்து நிலத்திலிருந்து தூக்கியே விட்டாள். நேரே தன்னிடம் வந்த காரைக் கண்டதும் பயத்தில் கண்ணை மூடிவிட்டதாகச் சொன்னாள்.

காற்றில் கால் தொங்க, அக்கா பிரெஞ்சில் கேட்டார்: "ஏன் மூடினாய்? கார் ஓடேக்க கண்ணை மூடக் கூடாது."

அவள் சிரித்துச் சிரித்து எங்கள் ரோல்ஸில் நான்கைச் சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது, நகரத்துக்குள் நுழையும் பாலத்தில் ஏறியதும் அத்தான் மெல்லக் கேட்டார்: "ஏழாவதாய் வந்தனீர், என்ன?"

"ஓம். நீங்கள் பதினாலில பன்னிரண்டு, நான் ஒம்பதில ஏழு. ரெண்டு பேரும் கடைசியில இருந்து மூண்டாவதுதான்" என்றார் அக்கா. அத்தானின் முகம் அதற்குப் பிறகுதான் வெளித்தது.

இந்தக் கோடையில் அக்கா நான்கு தரம் ஓடினார். கடைசி ஓட்டத்துக்கு என்னால் போக முடியவில்லை. பின்னேரம் அக்காவின் போன் வந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

"எடி, ஒரு நீலக் காரை இடிச்சுப் போட்டன்."

"ஐயோ, ஆருக்கும் காயமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. அவள் வழி விடேல்லை, மெல்லமாய் ஒரு தட்டுத் தட்டினனான்."

"அதுக்கு ஏன் கவலைப்படுறியள்?"

அக்கா குரலை இன்னும் தாழ்த்தினார்: "கவலை இல்லையடி. சந்தோசமாய்க் கிடக்கு. என்னட்டப் பழகிற பிள்ளையளுக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பினம்?"