எண்ணெயில் ஊறிய ஆணி

கட்டட வேலையில் ஒரு பட்டப்பெயர் வாங்க மற்றவர்கள் வருஷக்கணக்கில் உழைப்பார்கள். நான் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டேன். என்னை அங்கே எல்லோரும் 'எண்ணெய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதற்கு முன்பு எந்த வேலையும் எனக்கு நிலைத்ததில்லை. பார்சல் கொடுக்கும் வேலையை மழைக்குப் பயந்து விட்டேன். போன் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலித்தது. டிக்கெட் கவுண்டரில் வருகிறவர்கள் எல்லாம் என்னையே கேள்வி கேட்டார்கள். இந்தக் காரணங்களை நான் வரிசையாகச் சொன்ன அன்றோடு மாமனார் என்னை 'மாப்ள' என்று கூப்பிடுவதை நிறுத்தினார். வாங்க போங்கவும் போயிற்று. வெறும் 'ஏம்ப்பா'தான்.

கூரைக்குக் கீழே குழாய், விளக்கு எல்லாம் தொங்கவிடுகிற ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. மகள் கெஞ்சியதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

"இதுதான் கடைசி. இதையும் நீ விட்டேன்னா என் பொண்ணை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீ தனியா உக்காந்து காரணம் சொல்லிட்டு இரு."

என் மனைவியும் அதற்குத் தலையாட்டினாள்.

என் கையில் ஓர் ஆணித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். உள்ளே தோட்டா இருக்கும். இரும்பு பீமில் அதன் வாயை அழுத்தி விசையை இழுத்தால் ஆணி பாய்ந்து இரும்புக்குள் இறங்கும். கூரையில் தொங்குவது எல்லாம் அந்த ஆணிகளை நம்பித்தான். கேட்க வீரமாக இருக்கிறதல்லவா? ஒவ்வொரு வெடிக்கும் என் தோள்பட்டை கழன்று விழப் பார்த்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்த முதல் ஆணி, மாமனார் போட்ட கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, கோணலாக, தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

"பிடுங்கு" என்றார்.

குறடு போட்டு இழுத்தேன். தொங்கினேன். ஏணிதான் ஆடியது, ஆணி அசையவில்லை.

"அடிக்கவும் தெரியல, பிடுங்கவும் தெரியல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அன்றைக்கு என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாள்களில்தான் எனக்கு ஆபத்து. இரும்போடு இரும்பு உரசுவதால்தானே ஆணி உள்ளே போக இப்படி முரண்டு பிடிக்கிறது? ஒரு டப்பாவில் மெஷின் எண்ணெயை ஊற்றி ஆணிகளை ஊறப்போட்டேன். அப்புறம் பெரிய தோட்டாவே தேவைப்படவில்லை. சின்னத் தோட்டாவுக்கே ஆணி தலை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. தோளும் தப்பித்தது. பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் டப்பாவைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். வேறு மாடியில் இருந்த மாமனார் வந்து, நேர்கோட்டில் நிற்கும் ஆணிகளைக் கீழேயிருந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அன்று வீட்டில் என் பேச்சைத் தாங்க முடியவில்லை என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

பரிசோதனைக்கு ஓர் இன்ஜினியரம்மா வந்தார். ஆணியைக் கவ்வி இழுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று முள்ளில் காட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முதல் ஆணியில் மாட்டினார். முள் எழுந்திருக்கவே இல்லை, ஆணி கையோடு வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, அண்ணாந்து பார்த்த மாமனாரின் தலைக்கவசத்தில் டங்கென்று விழுந்தது. அவர் அதை எடுத்து விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் மனைவி பெட்டி கட்டுவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

இன்ஜினியரம்மா ஏணியை நகர்த்திப் போட்டு அந்தக் கோணல் ஆணியில் கருவியை மாட்டினார். முள் ஏறியது. வேண்டிய அளவைத் தாண்டியும் ஏறியது. கடைசியில் கருவியின் பிடிதான் நழுவியது.

"இது யாரு அடிச்சது?"

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "அதே ஆளுதாங்க."

"ஆணி பாயறப்போ இரும்போட உரசி சூடாகணும். அந்தச் சூட்டுல ரெண்டும் ஒட்டிக்கும், சுத்தி இருக்கிற இரும்பும் இறுக்கிப் பிடிச்சுக்கும். நீங்க எண்ணெய் போட்டு உரசவே விடல. லேசா போனா லேசா வந்துரும். எல்லாத்தையும் எடுத்துட்டு, புது இடத்துல இந்தக் கோணல் மாதிரியே அடிங்க. கோணல் மட்டும் வேணாம்."

அடித்தேன். காய்ந்த ஆணி, பெரிய தோட்டா. தோள் வீங்கி, சட்டையைக் கழற்ற மனைவி கைகொடுக்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டு ஓடக் காரணங்கள் வரிசையாக வந்தன, இந்த முறை ஒன்றையும் வாயால் சொல்லவில்லை. அவள் போய்விடுவாள் என்ற பயம் தோள்வலியைவிடப் பெரிதாக இருந்தது. இன்ஜினியரம்மா மறுபடி வந்து இழுத்தபோது ஓர் ஆணிகூட வரவில்லை.

அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. மாமனார். மகளைக் கூட்டிப்போக வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சட்டைப் பையிலிருந்து வலிக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தேய்ச்சுக்கோங்க மாப்ள" என்றார். படியிறங்கப் போனவர் திரும்பிப் பார்த்தார். "தோளுக்கு மட்டும்."