வல்லரசும் துணிக்கொடியும்

ஒரு வல்லரசால் இன்னமும் மற்ற நாடுகளைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்க முடியுமா? எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகள் உண்டு. முடியும் என்பது மாமா கட்சி. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முடியாது என்பது அத்தை கட்சி. அத்தை ஏ.சி. மெக்கானிக். ஒவ்வொரு கட்சியிலும் ஒரே ஒரு உறுப்பினர்தான் என்றாலும் சத்தத்துக்குக் குறைவே இல்லை.

நான் அத்தையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் அவள்தான்.

சின்ன வயதில் அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஃபிரிட்ஜ் கதவை மூடினால் உள்ளே எரிகிற விளக்கு நிஜமாகவே அணைகிறதா? தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுத் தன் தம்பியை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். அந்தத் தம்பிதான் என் அப்பா. "அணைஞ்சிருச்சுக்கா! தொறக்கா!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். விளக்கு அணைகிறது என்பது உறுதியானது. அப்பா இன்றுவரை வெந்நீர்தான் குடிக்கிறார்.

அப்படி ஆரம்பித்த அத்தை, வளர்ந்து ஒரு பெரிய மாநாட்டு மண்டபத்தில் மெக்கானிக் ஆனாள். மண்டபத்துக்கு அடியில் இருக்கும் இயந்திர அறைதான் அவள் ராஜ்யம். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கம்ப்ரசர்'. பேச ஆரம்பித்தால் சுவர் அதிரும். நின்றுவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது மறுபடி ஆரம்பிக்கும்.

மண்டபம் என்றால் குளிர்ச்சண்டை இருக்கும். நடுவில் உட்கார்ந்தவருக்கு வேர்க்கும். காற்று வரும் ஓட்டைக்குக் கீழே இருப்பவருக்குப் பல் தந்தியடிக்கும். குளிரைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் இருக்கும் பெட்டியை ஒருவர் இந்தப் பக்கம் திருகுவார், அடுத்தவர் அந்தப் பக்கம் திருகுவார், நடுவில் இயந்திரம் செத்துப்போகும். அதனால் அத்தை நிஜமான கட்டுப்பாட்டைக் கீழே தன் அறைக்கு மாற்றிக்கொண்டாள். சுவரில் பெட்டியை மட்டும் விட்டுவைத்தாள். உள்ளே ஒரு பேட்டரி. திருகினால் எண் மாறும், காற்று மாறாது. ஆனாலும் திருகியவர்கள் எல்லோரும், "ஆங், இப்பதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

"எங்க தொழில்ல நிறைய பேர் செய்றதுதான்" என்பாள் அத்தை. நிறைய பேர் செய்யாத ஒன்றையும் அவள் செய்தாள். பெட்டிக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒயரை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்து துணிக்கொடியாகக் கட்டிவிட்டாள். மாமாவின் பனியன்கள் அதில்தான் காய்ந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் அந்த மாநாடு வந்தது. வல்லரசு ஒன்று ஒன்பது சின்ன நாடுகளைக் கூப்பிட்டிருந்தது. தன் பகையாளியின் கப்பல்களுக்கு யாரும் துறைமுகத்தைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்டபத்தின் மேனேஜர் அத்தையைக் கூப்பிட்டார். "இந்தாம்மா, அவங்ககிட்டேருந்து ஒரே ஒரு புகார் வரட்டும். உன் டூல் பெட்டியைத் தூக்கிட்டு நீ நேரா வீட்டுக்குப் போயிடலாம்."

இந்த மண்டபத்தை விட்டால் வீடு வீடாகப் போய் ஜன்னல் ஏ.சி.யில் தூசு தட்டுகிற வேலைதான் கிடைக்கும். ஆனால் அத்தை இதை வீட்டில் மூச்சுவிடவில்லை.

"வல்லரசுன்னா சும்மாவா?" என்று காலையிலேயே ஆரம்பித்தார் மாமா. "அவன் கண்ணை உருட்டினா போதும். மத்தவனெல்லாம் பெட்டிப்பாம்பா அடங்கிடுவான்."

"என் ஹால்ல ஒரு டிகிரி குறைக்கச் சொல்லுங்க பார்ப்போம்."

"போடி. பஸ்ல டிரைவர் வெச்சதுதான் சட்டம். உலகமும் அப்படித்தான்."

"அப்புறம் எதுக்கு நீங்க விசில் ஊதினா அவரு நிறுத்தினாரு?"

மாமா பனியன் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனார்.

வல்லரசின் தலைவருக்கு மண்டபத்து ஆட்கள் 'பெரிய கோட்டு' என்று பெயர் வைத்தார்கள். அவர் வந்ததும் நேராகப் பெட்டியிடம் போய்ப் பதினாறில் வைத்தார். "இதுதான் குளிர்" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். உடனே ஒரு சின்னத் தீவின் பிரதிநிதி எழுந்தார். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'சால்வையம்மா'. அந்தத் தீவைத் தேடி அன்று இரவு வீட்டில் மாமா உலகப்படத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவர் கொசு எச்சம் என்று நினைத்து விரலால் சுரண்டிய புள்ளிதான் அது. சால்வையம்மா பெட்டியை இருபத்தேழுக்குத் திருகினார்.

பெரிய கோட்டு மறுபடி பதினாறு. சால்வையம்மா மறுபடி இருபத்தேழு. மற்ற எட்டு நாடுகளும் இரண்டாகப் பிரிந்தன. ஒரு நாடு மட்டும் இரண்டு பக்கமும் கைதட்டியது. கப்பல் பேச்சு கரைக்கே வரவில்லை. மாலையில் பெட்டிக்கு இரண்டு தரப்பும் காவல் போட்டன. மண்டபத்தில் நாள் முழுக்க இருபத்து நாலு டிகிரிதான். அத்தை கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வல்லரசின் பாதுகாப்பு அதிகாரிக்குச் சந்தேகம் தட்டியது. பெட்டியில் எதிர்த்தரப்பு ஏதோ வேலை செய்திருக்கிறது என்று மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் ஒரு ஓட்டை. வேறு எதுவும் இல்லை.

"ஒட்டுக்கேட்கிற கருவி!" என்று யாரோ கத்த, பாதிப் பேர் மேஜைக்கு அடியில் போனார்கள். கம்ப்ரசரைக் கூப்பிடு என்று ஆள் ஓடியது. அத்தை மேலே வந்தபோது மேனேஜரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஒயர் எங்கேன்னு கேட்கிறாங்கக்கா" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

அத்தை ஒரு நல்ல பொய்யாக யோசித்தாள். அவசரத்துக்கு ஒன்றும் வரவில்லை. "வீட்ல இருக்கும்மா. துணி காயப்போட்டிருக்கோம்."

"அப்படியே சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லு. எப்படிச் சொன்னாலும் ஒயர் இல்லதானே."

காதுகளில் மாட்டியிருந்த கருவிகள் வழியாக எங்கள் வீட்டுத் துணிக்கொடி அத்தனை மொழிகளிலும் போய்ச் சேர்ந்தது. மேஜைக்கு அடியில் போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"அப்போ நேத்து எனக்குக் கதகதன்னு இருந்ததே?" என்று சால்வையம்மா கேட்டார்.

"அது நீங்களா நெனச்சுக்கிட்டதும்மா."

"எனக்குக் குளிர்ந்ததே?" இது பெரிய கோட்டு.

"அதுவும் நீங்களா நெனச்சுக்கிட்டதுதான் சார்."

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "டூல் பெட்டியை எடு."

அத்தை எடுத்தாள். கதவு வரை போய்விட்டாள். அப்போது பின்னாலிருந்து இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு மொழிகளில் கத்தின. "நில்லுங்க!" என்றுதான் இரண்டுக்கும் அர்த்தம்.

விஷயம் இதுதான். பெரிய கோட்டு முந்தின நாளே தன் தலைநகரத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: 'முதல் வெற்றி. நம் விருப்பப்படி மண்டபம் பதினாறு டிகிரி.' சால்வையம்மாவும் தன் தீவுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: 'பணியவில்லை. இருபத்தேழில் உறுதியாக நிற்கிறோம்.' தீவில் ஊர்வலமே போயிருக்கிறார்கள். இப்போது இரண்டு அரசாங்கங்களும் ஆதாரமாக அந்தப் பெட்டியின் படத்தை, உள்ளும் புறமும் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தன. பெட்டி பொய் என்று தெரிந்தால் இரண்டு பேர் மானமும் போய்விடும்.

பத்துத் தலைகளும் ஒரு மூலையில் ஒன்றுகூடின. மாநாட்டில் எல்லோரும் ஒத்துப்போனது அப்போதுதான். மொழிபெயர்க்கும் பெண் வந்தாள்.

"அக்கா, பெட்டி நிஜம்னு ஒருமனதா முடிவு பண்ணிட்டாங்க. ஒயர் மட்டும்தான் வேணுமாம்."

"கடையில புதுசு வாங்கிக்கலாமேம்மா?"

"புதுச் சாமான் எதுவும் உள்ளே வரணும்னா தலைநகரத்துல அனுமதி வாங்கணுமாம். பழசுக்கு அனுமதி வேண்டாமாம்."

அந்த ஒயர் எந்த ஆணியில் தொங்குகிறது என்று தெரிந்த ஒரே ஊழியர் அத்தை. மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "அந்த டூல் பெட்டியைக் கொஞ்சம் கீழே வைம்மா" என்றார்.

கறுப்புக் கார் ஒன்று எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் நுழைந்தது. அத்தையும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு காவலரும் இறங்கினார்கள். மாமா கொடியில் அப்போதுதான் மூன்று பனியன்களை உதறிப் போட்டிருந்தார்.

"யாருடி இது?"

"உங்க வல்லரசுதாங்க. நம்ம கொடியைக் கேட்குது."

"கொடியையா? முடியாதுன்னு சொல்லு! என் பனியனை எங்கே போடுறது?"

"நீங்கதானே சொன்னீங்க, கண்ணை உருட்டினா போதும்னு?"

மாமா காவலரைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் உருண்டதா இல்லையா என்றே தெரியவில்லை. சந்தேகத்தின் பலனை வல்லரசுக்கே கொடுத்து, மாமா தானே கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்தார். காவலர் மூன்று ஈரப் பனியன்களையும் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, தேசியக் கொடியைப் பிடிப்பது போல விறைப்பாக நின்றார்.

ஒயர் சுவருக்குள் போனது. படம் எடுத்தார்கள். அவசரத்தில் ஒரு நீலக் கிளிப்பை எடுக்க மறந்துவிட்டதால் அதுவும் சுவருக்குள் போய்விட்டது. கடைசி நாளில் எல்லோரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கப்பல்களைப் பற்றித் தொடர்ந்து பேசுவோம் என்று அதில் இருந்தது. அடுத்த வாரமே பகையாளியின் கப்பல் ஒன்று சால்வையம்மாவின் தீவில் நின்றதாக டிவியில் சொன்னார்கள்.

அத்தையின் வேலை பிழைத்தது. மேனேஜர் மட்டும் ஒருநாள் தயங்கித் தயங்கி, "என் ரூம்ல ஒரு பெட்டி இருக்கே, அது...?" என்று கேட்டாராம்.

"அதுக்கு ஒயர் இருக்கு சார்" என்றாளாம் அத்தை. எங்கே போகிற ஒயர் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

வீட்டில் சண்டை மட்டும் தீரவில்லை. "பார்த்தியா? வல்லரசு கேட்டுச்சு, வாங்கிட்டுப் போச்சு. எங்க கட்சிதான் ஜெயிச்சது" என்கிறார் மாமா, நாற்காலி முதுகில் பனியனை விரித்துக்கொண்டே.

"ஜெயிச்சீங்க, யாரு இல்லேன்னா?" என்கிறாள் அத்தை. "முதல்ல அந்தப் பனியனைத் திருப்பிப் போடுங்க. அந்தப் பக்கம் இன்னும் ஈரம்."